எரிந்து விழுபவரும் குருவே!

விளக்கேற்றி, கண் மூடிப் பிரார்த்திக்கிறீர்கள். மனசு குளிர்ந்துவிடுகிறது. சற்று நேரத்தில் வேலைக்கார அம்மா தாமதமாக வந்து நின்றால்... அந்தக் குளிர்ச்சி எங்கே போகிறது?

போன மாதம் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் கடிந்துகொண்டேன். அவர் பதிலே பேசாமல் பாத்திரம் துலக்கினார். கிளம்பும்போதுதான் சொன்னார், மகனுக்கு இரவெல்லாம் காய்ச்சலாம். கூனிக் குறுகிப் போனேன்.

காரணம் தெரிந்தால் யாருக்கும் இரக்கம் வரும். தெரியாதபோதும் வர வேண்டாமா?

வங்காளத்தில் பிறந்த பௌத்த குரு அதிசர், 1042-ல் திபெத்துக்குச் சென்றார். எப்போதும் எரிந்து விழும் பணியாள் ஒருவரையும் உடன் அழைத்துப் போனாராம். தனக்குப் பொறுமையைக் கற்றுத் தருபவரே அவர்தான் என்பாராம். திபெத்தியர் சொல்லும் கதை இது.

அதிசர் வழியில் வளர்ந்த மனப்பயிற்சிக்கு 'லோஜோங்' என்று பெயர். 12-ம் நூற்றாண்டில் சேகாவா என்ற துறவி அதை ஏழு பகுதிகளாகத் தொகுத்தார். அதில் ஒரு தியானம் 'தோங்லென்'. கொடுத்தலும் ஏற்றலும் என்று பொருள். மூச்சை உள்ளே இழுக்கும்போது பிறர் துன்பத்தை ஏற்பதாகவும், வெளியே விடும்போது நம் நலனை அவர்களுக்குக் கொடுப்பதாகவும் பாவிக்க வேண்டும். முதலில் நம் சொந்தத் துன்பத்தில் இருந்தே தொடங்க வேண்டுமாம்.

அப்படியானால், தவறைத் தட்டிக் கேட்கவே கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். கேட்கும் முன் ஒரே ஒரு மூச்சு... அவ்வளவுதான்! கேள்வி அதேதான். குரல் மட்டும் மாறிவிடும்.

நாளை காலை, கதவைத் திறக்கும்போது முயன்று பாருங்களேன்!