தொண்டரா, பிரதிநிதியா?

பல்கலைக்கழகத் தேர்தல் வந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப் குழுவைத் திறக்கவே முடியாது. எல்லாம் போஸ்டர். யார் நின்றாலும், எந்த அணியாக இருந்தாலும் ஒரே சொல்தான்: சேவை. ஜெயித்த பிறகும் அதே சொல் தொடரும். தேர்வு வாரத்தில் மைலோவும் ரொட்டியும். மாதக் கடைசியில் அரிசி, முட்டை, மெகி பாக்கெட். வாங்கும் மாணவர் நெளிந்துகொண்டே நிற்க, கூடவே ஒரு படம். கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு "உபயம்" என்று பெயர் எழுதியிருப்பார்களே, அதுதான் ஞாபகம் வரும்.

கிண்டல் பண்ணுவதற்காக இதை எழுதவில்லை. கல்விக் கடன் கணக்கில் ஏறாத மாதத்தில் ஒரு மெகி பாக்கெட்டின் அருமை விடுதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். என் கேள்வி வேறு. மாணவர் பிரதிநிதித்துவ மன்றம் இருப்பது இதற்குத்தானா?

தொண்டு என்பது நமக்கு நன்றாகப் பழகிய சொல். அன்னதானப் பந்தியில் வாளி தூக்கி வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே இந்தக் கேள்வி நமக்குக் கொஞ்சம் சங்கடமானது. தொண்டு செய்கிறவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்டால் நன்றி கெட்டவன் என்று பெயர் வரும். பந்தியில் உட்கார்ந்து சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்! ஆனால் பிரதிநிதி அப்படியில்லை. நாம் ஓட்டைக் கொடுத்து அவரை அனுப்பியிருக்கிறோம். பதில் சொல்லவேண்டிய கடன் அவருடையது. மன்றம் கொடுக்கிற கையாக மாறினால், கடன்பட்டவர் நாமாகி விடுகிறோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் வளாகம் எதுவென்று வேண்டாம். அங்கே மாலை லேப் முடிய ஆறரை ஆகும். விடுதிக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. மழை நாளில், இருட்டில், அந்த ஏற்றத்தில் பெண்பிள்ளைகள் நடந்து போவார்கள். மன்றத்தில் இருந்த ஒரு அண்ணன் இதைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய மைவியிலேயே ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒரு பருவம் முழுக்க. பெட்ரோலுக்கு ஒரு காசு வாங்கவில்லை. அவரைப் போல நல்ல மனுஷனைப் பார்ப்பது கஷ்டம்.

அவர் படிப்பு முடிந்து போய்விட்டார். பஸ் இன்னமும் ஆறு மணிக்குத்தான் புறப்படுகிறது. போக்குவரத்துப் பிரிவில் கேட்டால், "போன பருவம் புகார் எதுவும் வரலையே" என்கிறார்கள். உண்மைதான், வரவில்லை. மைவி இருக்கும்போது யார் புகார் எழுதப் போகிறார்கள்?

ஏர்கோன் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அறையின் சூட்டை ஒரு சென்சார் அளக்கிறது. நாம் வைத்த 24 டிகிரியோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப மெஷின் ஓடுகிறது. அந்த சென்சார் மேல் யாராவது ஒரு ஐஸ் கட்டியை வைத்துவிட்டால்? அறை வெந்துகொண்டிருக்கும், மெஷின் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துச் சும்மா இருக்கும். அண்ணனுடைய மைவி அந்த ஐஸ் கட்டி மாதிரி ஆகிவிட்டது. நல்ல மனசோடு வைத்த ஐஸ் கட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. மைவியில் ஏறியது யார்? அண்ணனுடைய நம்பர் வைத்திருந்தவர்கள். சபாவிலிருந்து வந்து எந்தக் குழுவிலும் சேராத முதலாமாண்டு மாணவிக்கு அந்த நம்பர் எப்படிக் கிடைக்கும்? அவளும் அவருக்கு ஓட்டுப் போட்டிருக்கலாம். தொண்டு தெரிந்தவரைத் தேடித்தான் போகும், அதில் தப்பு சொல்ல முடியாது. பஸ் அப்படியில்லை. யார் நின்றாலும் ஏற்றிக்கொள்ளும்.

"அப்படின்னா பிள்ளைங்க நனையட்டும், அப்பதான் புகார் வரும்னு விட்டுடணுமா?" என்று நண்பன் ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். நியாயமான கேள்வி. விடக்கூடாது. ஆதாரம் சேரட்டும் என்று ஒருத்தரை இருட்டில் நடக்கவிடுவது, அரிசியை ஒளித்துவைத்துப் பசிக்குக் கணக்கு எடுப்பதைப் போன்றது. இன்று ராத்திரி மைவி ஓடத்தான் வேண்டும். ஆனால் ஓட்டுகிறவர் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு வரி எழுதவேண்டும்: எந்தத் தேதி, எத்தனை பேர், எத்தனை முறை போய் வந்தோம், மழையா இல்லையா. மாதக் கடைசியில் அந்தத் தாளை அலுவலகத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கவேண்டும். முடியாது என்று வந்தாலும் அந்தக் கடிதத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டவேண்டும். அப்போது மைவி ஐஸ் கட்டி இல்லை, அதுவே சென்சார்.

பிரதிநிதிகளை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. மன்றம் ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1974 டிசம்பரில் கெடா, பாலிங் பகுதியில் ரப்பர் விலை விழுந்து குடும்பங்கள் பசியில் கிடந்தபோது, கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஏன் விலை விழுந்தது, அரசாங்கம் என்ன செய்யப் போகிறது என்று கேட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அடுத்த வருஷமே, 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் திருத்தப்பட்டது. மாணவர் சங்கங்கள் தங்கள் சுதந்திரத்தை இழந்தன. அவற்றின் இடத்தில், நிர்வாகத்தின் பார்வைக்குக் கீழே இயங்கும் பிரதிநிதித்துவ மன்றங்கள் வந்தன. நிகழ்ச்சிக்கு அனுமதி, பணத்துக்கு அனுமதி, பேச்சாளருக்கு அனுமதி. கேள்வி கேட்பது ஆபத்து, மைலோ கொடுப்பது பத்திரம் என்று இருந்தால் மனுஷன் எதைச் செய்வான்?

அந்தக் கதவு மெல்ல மெல்லத் திறந்து வருகிறது. மாணவர்கள் அரசியல் கட்சியில் சேர 2012-இல் வழி கிடைத்தது. 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், மாணவர் அமைப்புகள் பணம் திரட்டிக் கையாள இடம் கொடுத்தது. சந்தோஷமான செய்திதான். ஆனால் எனக்கு ஒரு பயமும் உண்டு. கையில் பணம் வந்தால், முதலில் பெரிதாகப் போவது மெகி பெட்டியும் பேனரும்தான். போன வருஷம் நூறு பாக்கெட், இந்த வருஷம் ஐந்நூறு பாக்கெட் என்று போஸ்டர் வரும். ஏன் ஐந்நூறு பேருக்குத் தேவைப்பட்டது என்று அந்தப் போஸ்டரில் இருக்காது. கடன் பணம் தாமதமாகிறதா, கேஃபே விலை ஏறிவிட்டதா, பார்ட்-டைம் வேலைக்குப் போகமுடியாத மாதிரி வகுப்பு நேரம் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் தட்டவேண்டிய கதவு வேறு.

எனவே அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், என்ன கொடுப்பீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அண்ணனோ அக்காவோ, யார் வந்தாலும் மரியாதையாக ஒன்று கேட்பேன்: "போன தவணை மன்றத்துக்கு எத்தனை புகார் வந்துச்சு, அதுல எத்தனைக்குப் பதில் வரலை? அந்தப் பட்டியலை இந்தக் குழுவிலேயே போட முடியுமா?"