பாதிச் சொல்

ஒருவர் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறும்போது அதை நாம் எடுத்துக் கொடுப்பது உதவியா, அத்துமீறலா? தினம் பத்து முறை செய்கிற காரியம்; இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற மாதம் என் தமையன் மகன் ஸ்ரீரங்கத்துக்கு வந்து, திண்ணையில் மடிக்கணினியை விரித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறவன். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, இந்தப் பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள் போக நினைக்கும் இடத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு வண்டி ஏற்பாடு செய்கிறான். ஆஸ்பத்திரியானாலும் சரி, கோயிலானாலும் சரி. வண்டியைக் கூப்பிட இணையத்தில் ஒரு பக்கம், அதில் “எங்கே?” என்று ஒரு கட்டம். கட்டத்தில் ஊரையோ தெருவையோ எழுத ஆரம்பித்தால், எழுதி முடிப்பதற்குள் கீழே ஐந்து பெயர்கள் வந்து நிற்கும். வேண்டியதைத் தொட்டால் போதும்.

“வயசானவர்களுக்கு விரல் நடுங்கும், சித்தப்பா. மூன்று எழுத்து போட்டால் மிச்சத்தை அதுவே சொல்லிவிடும்” என்றான்.

நல்ல எண்ணம். அது எப்படி நடக்கிறது என்று கேட்டேன். நாம் எழுதும் எழுத்துக்கள் எங்கோ தொலைவில் உள்ள ஒரு பெரிய இடப்பெயர்ப் பட்டியலுக்குப் போகின்றனவாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முறை கேட்டால் செலவு அதிகம். அதனால் விரல் ஓய்ந்து, ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் பொறுத்த பிறகே கேட்கும்படி வைத்திருக்கிறான். சில சமயம் முன்னே கேட்டதற்குப் பதில் பின்னே வந்து சேர்ந்து, சரியான பதிலை மறைத்துவிடும். அப்படி வரும் பழைய பதிலைத் தள்ளிவிடவும் வழி செய்திருக்கிறான். ஐந்து பெயர்களில் எது முதலில் நிற்பது? பலரும் நாடும் பிரபலமான இடத்துக்கு ஒரு மதிப்பு, பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு ஒரு மதிப்பு. பெயரைத் தொட்டவுடன் அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகிவிடும். வண்டிக்காரர் அதைப் பார்த்து ஓட்டுவார்.

“வடக்குச் சித்திரை” என்று எழுதிப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீதி. ஆனால் முதலில் வந்து நின்றது மதுரை! மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியும் சித்திரை வீதிகள் உண்டல்லவா? அவன் சிரித்துக்கொண்டே திருச்சியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இருப்பதற்குச் சலுகை கொடுத்தான். ஸ்ரீரங்கம் மேலே வந்தது.

அடுத்தபடியாக “திரு” என்று எழுதினேன். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஏழின் பெயர் அப்படித்தான் தொடங்குகிறது. திருவள்ளூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர், திருச்சிராப்பள்ளி, திருவாரூர், திருப்பூர், திருநெல்வேலி. நாம் மரியாதைச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. இன்னும் இரண்டு எழுத்தைச் சேர்த்துத் “திருப்ப” என்றேன். வட்டம் போட்டிருந்தும் திருப்பதிதான் முதலில் நின்றது.

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

என் தகப்பனாருக்குக் கடைசி வருஷத்தில் பக்கவாதம் வந்தது. புத்தி தெளிவாக இருந்தது. சொற்கள் மட்டும் வரவில்லை. ஒரு நாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டு “திருப்ப... திருப்ப...” என்றார். “திருப்பதியா, அப்பா?” என்றேன். தலை ஏதோ ஒரு பக்கம் அசைந்தது. மறுபடியும் “திருப்ப...” என்றார். “திருப்பதிக்குப் போகணுமா?” என்றேன். மூன்றாம் தடவை நான் கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு ஆமென்று தலையசைத்தார். அந்த வாரமே கார் வைத்து, சக்கர நாற்காலி ஏற்பாடு செய்து, திருப்பதிக்கு அழைத்துப் போனோம். தெருவே என்னை மெச்சியது. நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

அவர் காலமான பிறகு ஒரு நாள் அத்தை பேச்சுவாக்கில் சொன்னாள்: “கடைசியிலே திருப்பட்டூரை ஒரு தரம் பார்க்க அண்ணாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. எட்டு வயசு வரையில் பாட்டியோடு அங்கேதானே இருந்தான்!”

சென்னை போகும் சாலையில் சிறுகனூர் அருகே திரும்பினால் திருப்பட்டூர். பிரம்மபுரீசுவரர் கோயில் இருக்கும் ஊர். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். நான் அவரை அதைப் போல் பத்து மடங்கு தூரம் அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அவர் நினைத்தது திருப்பதியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தலையசைப்பு சம்மதமா, களைப்பா என்று நான் நின்று பார்க்கவில்லையே! என் மனத்திலும் ஒரு பட்டியல் இருந்தது. அதிலும் பிரபலமான பெயர்தான் முதலில் நின்றது. இப்படி ஒரு பட்டியல் இல்லாத மனம் ஏது? “கோயில்” என்றால் வைஷ்ணவருக்கு இந்த ஸ்ரீரங்கம், சைவருக்குச் சிதம்பரம். சொல் ஒன்றுதான். கேட்கிறவர் தம் பட்டியலின்படி அதை நிரப்பிக்கொள்கிறார்.

நம் ஊரே இதற்குச் சாட்சி. திருச்சிராப்பள்ளி என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் ட்ரிச்சினாப்பொலி ஆயிற்று. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிகிறவர் சாம்பலைப் பார்த்தே சுருட்டு எது என்று கண்டுபிடிக்கிறாரே, அது ட்ரிச்சினாப்பொலிச் சுருட்டு. தலைமுறை தலைமுறையாக நாமும் அந்தப் பெயருக்குத் தலையசைத்தோம்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். தாத்தாவின் திருப்பதி யாத்திரை அவனுக்குத் தெரியும். திருப்பட்டூர் விஷயத்தை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “பட்டியலில் இல்லாததை வாங்கிக்கொள்ளாதே என்றுதான் எழுதியிருக்கிறேன். ‘அம்மா மண்டபம் போகிற வழியில் வேப்பமரத்து வீடு’ என்று ஒருவர் எழுதினால் வண்டி எங்கே போகும், சித்தப்பா?” என்று கேட்டான்.

அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர்கள், ஆளுக்கொரு பாஷை, ஆளுக்கொரு எழுத்து. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தானே 1972 ஆகஸ்டு 15-ல் தபால் இலாகா ஆறு இலக்க எண்ணைக் கொண்டுவந்தது? 620006 என்றால் ஸ்ரீரங்கம், மயக்கத்துக்கு இடமில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். எண் வந்ததற்காக மற்ற வரிகளை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. வேப்பமரத்து வீடு என்று நாம் எழுதினால் அதுவும் உறைமேல் இருந்தது. தபால்காரர் அதையும் படித்தார். ஒழுங்கும் வேண்டும், எழுதினவரின் சொல்லும் மிஞ்ச வேண்டும் என்பதற்கு அந்த உறையே போதிய உதாரணம்.

ஊகித்துச் சொல்வது பாவமல்ல. சொல்லுக்குத் திணறுகிறவர் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் கொடுமைதான். ஆனால் எடுத்துக் கொடுத்த சொல்லை மறுப்பதற்கு அவருக்கு வழி இருக்க வேண்டும். அந்த வழி சுலபமாகவும் இருக்க வேண்டும். இல்லையென்று சொல்லச் சொல்லி அலுத்தவர் கடைசியில் ஆமென்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? நான் எடுத்துக்கொண்டேன். மூன்று தடவையும் திருப்பதியையே கேட்டேனே தவிர, “வேறு ஊரா, அப்பா?” என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை.

ஐந்து பெயர்களுக்கும் கீழே ஆறாவதாக ஒரு வரி வைக்கச் சொன்னேன்: “இவை எதுவும் இல்லை, நான் எழுதியதே இருக்கட்டும்.”

“வைக்கலாம். ஆனால் அதைத் தொட்டவர்களுக்கு ஓர் ஆள் போன் பண்ணி இடத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஒருத்தர் வேண்டுமே?” என்றான்.

“நான் கேட்கிறேன்” என்றேன்.

அன்று இரவு வெகுநேரம் உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்தான். வண்டி இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. வீட்டில் யாராவது சொல்லுக்குத் தடுமாறினால், பேசாமல் காத்திருக்க இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் அது சுலபமாக வரவில்லை. அவன் அடுத்த மாதம் மறுபடியும் வருகிறான். வந்ததும் இரண்டு பேரும் திருப்பட்டூர் போவதாக இருக்கிறோம்.