மூக்கைப் பிடித்துப் புகட்டலாமா?



தாய் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சாமி, என் பிள்ளைக்குக் கூழ்கூடத் தொண்டையில் இறங்கமாட்டேனென்கிறது. காலில் படுக்கப்போட்டு, மூக்கைப் பிடித்துத்தான் புகட்டுகிறேன். இல்லாவிட்டால் பட்டினி. இது பாவமா?" அவள் சம்மதத்தோடே இதை எழுதுகிறேன்.

பாவத்துக்கு அறிவும் மனச்சம்மதமும் வேண்டும். பிள்ளை பிழைக்கவேண்டுமென்று, தீங்கு அறியாமல் செய்தது பாவமாகாது. ஆனால் அறிந்தபின் கடமை பிறக்கிறது. ஆகையால் எல்லோரும் அறிந்துகொள்ளுங்கள்.

மூச்சுவழியும் உணவுவழியும் தொண்டையில் அடுத்தடுத்து இருக்கின்றன. விழுங்கும்போது மூச்சுவழி மூடிக்கொள்ள வேண்டும். மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகள் பலருக்கு இந்த ஒழுங்கு தவறிவிடும். மூக்கைப் பிடித்தால், மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளை கூழையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அது நுரையீரலில் இறங்கி நிமோனியா காய்ச்சல் வரும். சாப்பிடுகையில் புரையேறுதல், இருமல், அடிக்கடி நெஞ்சுச்சளி, எடை ஏறாமை ஆகியவை அடையாளங்கள்.

பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் கொஞ்சமாய்க் கொடுத்து, விழுங்கியபின்னரே அடுத்ததைக் கொடுக்கவேண்டும். எவ்வளவு கெட்டியாய்க் கொடுப்பதென்று வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டும். 2013-ல் தொடங்கிய அரசாங்கச் சிறார் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயதுவரை பரிசோதனை உண்டு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

ஊட்டுகிறவர் பிள்ளையின் தொண்டைக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஆனால் தறி வேலையும் கரிமூட்ட வேலையும் காத்திருக்க, வேளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு அவள் எங்கே போவாள்? "இவளுக்கு ஊட்டத் தெரியவில்லை" என்று பேசுகிற நாம், பொறுமையை அவளிடம் கேட்கிறோம், நேரத்தைக் கொடுக்கிறோமா? அவளுக்காக ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைப்பவள் அந்தப் பிள்ளைக்கு ஊட்டியவளே. செபக்கூடத் தலைவன் மகளை உயிர்ப்பித்த சேசுநாதர், அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி அங்கிருந்தவர்களுக்குக் கட்டளையிட்டார். புதுமையைத் தாம் செய்தார். ஊட்டுவதை மனிதரிடம் விட்டார்.

"அப்பம் விழுங்க முடியாதவனுக்குப் புதுநன்மை உண்டா?" என்றும் அவள் கேட்டாள். உண்டு. அவசியமானால் இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை கொடுக்க, 1983-ம் வருடத்துத் திருச்சபைச் சட்டத்தின் 925-ம் விதி இடங்கொடுக்கிறது. வைத்தியர் சம்மதித்தால் ஒரு துளி போதும். அதில் சேசுநாதர் முழுமையாய் எழுந்தருளியிருக்கிறார்.

அவன் விழுங்கி முடிக்கும்வரை அன்று பூசை சற்றுத் தாமதமாகும். நாம் எல்லோரும் காத்திருப்போம்.

உங்கள் பங்குச் சுவாமி