பழைய வண்டியும் புதிய தகரமும்

பழுதுபட்ட ஒன்றைத் திருத்திப் பயன்படுத்துவது நல்ல பழக்கம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். எறிந்துவிடுவதே எளிது என்றிருக்கும் காலத்தில், பொறுமையோடு குந்தியிருந்து திருத்துகிறவனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும், திருத்துவதற்கும் மறைப்பதற்கும் இடையிலுள்ள எல்லை எது? திருத்தித் திருத்தி எல்லாமே மாறிவிட்டால், எஞ்சியிருப்பது பழைய பொருள்தானா? இக்கேள்விகளை ஒரு பழைய காரை வைத்துச் சிந்திப்போம்.

காத்தான்குடி, ஒருபுறம் கடலும் மறுபுறம் மட்டக்களப்பு வாவியுமாக அமைந்த ஒடுங்கிய நிலத்திலுள்ள ஊர். உப்புக்காற்று வீசும் இத்தகைய இடங்களில் இரும்பு நெடுநாள் நிலைப்பதில்லை. நீரும் பிராணவாயுவும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன. உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால், மேலுள்ள வர்ணம் கொப்புளம்போல் எழும்புகிறது. வெளியே தெரியும் கொப்புளம் சிறிதாயினும் உள்ளே தகரம் சல்லடையாகியிருக்கக்கூடும்.

அவ்வூரில் ஒரு வீட்டுக் கொட்டிலில், எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பல்லாண்டு காலம் கிடந்து இற்றுப்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மகன் அதை மீண்டும் ஓடவைக்க விரும்புகிறான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் 5 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட அவ்வகைக் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் செல்லும் பெட்டி போன்ற பகுதிகள் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குகின்றன. அவையோ உள்ளிருந்து துருப்பிடிப்பவை. முட்டுக்கொடுக்காமல் அவற்றை வெட்டினால் உடல் தொய்ந்து, கதவுகூடச் சரியாகப் பூட்டாது.

அவன்முன் இரண்டு வழிகள் உள்ளன. துருவை முற்றாக வெட்டியெடுத்து, நல்ல தகரம் வைத்து ஒட்டுவேலை செய்வது ஒன்று. இதற்கு மாதங்கள், சிலவேளை வருடங்கள் செல்லும். ஓட்டைகளில் பட்டியை அப்பி, தேய்த்து, மினுங்க வர்ணம் அடித்துவிடுவது மற்றொன்று. இது சில நாள் வேலை. வாசலில் நிற்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு வெளிப்படுவது விபத்தின்போதுதான். அன்று வண்டிக்குள் இருப்பது, நம்பி வாங்கியவரின் மனைவி மக்களாகவும் இருக்கலாம். ஆகவே இது வெறும் கைத்திறன் பற்றிய கேள்வியன்று. அயலானின் உயிர் பற்றிய கேள்வி.

அவன் நல்ல வழியையே தெரிந்துகொண்டான் என்போம். அப்போது இரண்டாவது கேள்வி எழுகிறது. பழைய அச்சுகளைக் கொண்டே இக்காரின் முழு உடலையும் புதிதாகச் செய்யும் வேலை 1988இல் இங்கிலாந்தில் தொடங்கியது. உடலை அவ்வாறு மாற்றி, இயந்திரத்தையும் மாற்றிவிட்டால், அது அவனுடைய தகப்பன் ஓட்டிய கார்தானா?

நம்மூர்க் கிடுகு வீட்டை எண்ணிப் பாருங்கள். கூரையைக் காலத்துக்குக் காலம் வேய்கிறோம். உளுத்த கம்புகளை மாற்றுகிறோம். ஆயினும் அதை வேறு வீடு என்று எவரும் சொல்வதில்லை. அங்கே வாழ்க்கை இடையறாது தொடர்கிறது.

இதே வழக்கு 1990இல் இலண்டன் நீதிமன்றத்துக்கும் வந்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்ஸின் லு மான்ஸ் 24 மணிநேர ஓட்டப் பந்தயத்தில் வென்ற பென்ட்லி கார் ஒன்றை 1 கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்டவர்கள், அது உண்மையான வண்டியல்ல என்று கூறிப் பின்வாங்கினர். 1929இல் இருந்த பாகங்களில் மிகச் சிலவே அதில் மிஞ்சியிருந்தன. நீதிபதி ஒட்டன் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் கண்டார். தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது இருந்த அதே பொருள் என்று அதனைச் சொல்ல முடியாது. ஆனால் நீண்ட காலத்தில் படிப்படியாக மாறி வந்த அதன் வரலாறு ஒருபோதும் அறுபடவில்லை. எனவே அது அந்த வண்டியேதான் என்று தீர்ப்பளித்தார்.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? புதிய தகரம் குற்றமல்ல. மொறிஸ் மைனர் கார்களுக்கான பாகங்கள் 1990களில் நம் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அவை பல பழைய வண்டிகளுக்கு வாழ்வு கொடுத்தன. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அழிந்துபோன காரின் பதிவுப் புத்தகத்தையும் இலக்கத் தகட்டையும் வேறொன்றுக்கு மாட்டி, அதுவே இது என்பவன் பொய் சொல்கிறான். புதியதைப் பழையது என்று விற்பவனும் அவ்வாறே.

ஆதலால், வீட்டில் கார் திருத்துகிறவனுக்கு முக்கியமான ஒரு கருவி சாதாரணக் கொப்பி. எதை வெட்டினேன், எதை மாற்றினேன், எதைத் தொடாமல் விட்டேன் என்று அதில் எழுதிவைக்கட்டும். தகரத்தை மூடுமுன் படம் எடுத்துவைக்கட்டும். வாங்க வருபவர், “தம்பி, அடிப்பக்கம் எப்படி?” என்று கேட்டால், “இடப்பக்கம் முழுதும் புதுத்தகரம் அண்ணன், வலப்பக்கம் பாதி பழசு” என்று காட்டட்டும்.

“உண்மையைச் சொன்னால் விலை குறையுமே” என்பார்கள். குறையத்தான் செய்யும். நேர்மைக்கு எப்போதும் இலாபம் உண்டு என்று ஆசைகாட்டுவதற்கில்லை. அந்தக் குறைந்த விலையை ஏற்றுக்கொள்வதும் திருத்தும் வேலையின் ஒரு பகுதியே.

கொட்டிலில் வேலை நடக்கும்போது பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். திருகாணி எடுத்துக் கொடுப்பார்கள், விளக்குப் பிடிப்பார்கள். துருவை வெட்டுகிறாரா, மூடுகிறாரா என்பதையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வண்டி ஒருநாள் விற்கப்பட்டுவிடும். அவர்கள் கண்டது அவர்களோடு இருக்கும்.