அழிச்சது அழியலை!

கேமராவில் 'டெலீட்' அமுக்கினால் படம் அழிந்துவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. மெமரி கார்டின் அட்டவணையில் அந்தப் பெயரை அடித்து, 'இந்த இடம் காலி' என்று குறிப்பு எழுதப்படுகிறது. அவ்வளவே. அதன்மேல் வேறு படம் பதிகிறவரை பழையது அங்கேயே கிடக்கும்.

அதனால், 'ஐயோ, கல்யாண போட்டோ போச்சே' என்று பதறாதீர்கள். அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். 'ஃபோட்டோரெக்' மாதிரி இலவச மென்பொருளே பெரும்பாலும் மீட்டுவிடும். மீட்டதை வேறு இடத்தில் சேமியுங்கள்.

சரி, கார்டு நண்பருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் படத்தைத் தேடப்போனால், அவர் எப்போதோ அழித்த படங்களும் கூடவே வருகின்றன. பிரிந்துபோன ஒருத்தியின் முகம் எட்டிப்பார்க்கிறது. கைதவறி அழித்ததும் மனசறிந்து அழித்ததும் மென்பொருளுக்கு ஒன்றுதான். நமக்குமா?

'தானா வந்துச்சு, பார்த்தேன்' என்பது சமாதானம் ஆகாது. படம் எடுக்க உரிமை உள்ளவருக்கு, அதை வேண்டாமென்று விடவும் உரிமை உண்டு. கேட்டதை மட்டும் கொடுங்கள். மிச்சத்தைத் திறக்காமலே உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்: "அழிச்சது அழியலைப்பா. கார்டை யாருக்காவது கொடுக்கிறதுக்கு முன்னாடி, வேற எதையாவது அதுல முழுசா நிரப்பிடு."