இருந்தான் என்பதற்குச் சான்று

காணாமற்போன மகவைத் தேடும் துயரினும் கொடியது ஒன்று உண்டு. அம்மகவு இருந்ததேயில்லை என்று பிறர் கூறக் கேட்பதே அது. ஓட்டோ பிரெமிங்கர் 1965ஆம் ஆண்டு இயக்கிய ‘பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் ஊட்டும் அச்சத்திற்கு வேர் இதுவே. அதில் பேயுமில்லை, பூதமுமில்லை. இலண்டனுக்குப் புதிதாய் வந்த இளந்தாய் ஒருத்தி, மகளை மழலையர் பள்ளியில் விட்டுச் செல்கிறாள். மீண்டு வந்து கேட்குங்கால், குழந்தையைக் கண்டவர் எவருமிலர். வீட்டிலிருந்த உடைமைகளும் மறைந்துவிடுகின்றன. காவலர் தாயின் சித்தத்தையே ஐயுறுகின்றனர். பழுதுபார்க்கக் கொடுத்திருந்த பொம்மையைச் சான்றாகக் காட்ட அவள் இரவில் ஓடுகிறாள்.

இத்துயரம் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு அயலானதன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்க, மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை ஜப்பானியர் கொண்டு சென்றனர். கூலியை நம்பிப் போனோரும் உளர், வற்புறுத்தப்பட்டோரும் உளர். இலவச ஆடல் பாடலென அழைத்து, வாயில்களை அடைத்துப் பிடித்துச் சென்றதும் உண்டு. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. காலராவும் மலேரியாவும் பசியும் கொண்டவை போக எஞ்சியோரே ஊர் திரும்பினர்.

மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் அவர்களுக்கு உள. மாண்ட ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 90,000 என்பர் சிலர். அதனினும் மிகுதி என்பர் வேறு சிலர். ‘ஏறத்தாழ’ என்னும் அச்சொல்லில்தான் அறவினா உறைகிறது.

ஒருவன் இருந்தான் என மெய்ப்பிக்கும் கடன் யாருடையது? சான்றில்லாததை ஏற்க மறுப்பது அதிகாரியின் தொழில் ஒழுக்கம் எனலாம். ஆயினும், ஏட்டில் பெயர் இல்லாமை ஆள் இல்லாமை ஆகாது. அது ஏடெழுதக் கடமைப்பட்டோரின் குற்றமேயன்றித் தேடுவோரின் குற்றமன்று. வேலைக்கு வேண்டியபோது பெரட்டில் நாள்தோறும் கூவியழைக்கப்பட்ட பெயர், இறந்தபோது எழுதப்படவில்லை.

திரைப்படத்தில் குழந்தை இறுதியில் கிடைக்கிறாள். காண்போர் ஆறுதலுடன் வீடு திரும்புகின்றனர். தோட்டத்துத் தாய்மார் பலருக்கு அவ்விறுதிக் காட்சி வாய்க்கவில்லை. பிணமும் காணாமல், கருமாதி செய்யவும் மனமின்றிக் காத்திருந்தே அவர்கள் மறைந்தனர்.

அவர்தம் தேடலை முடித்துவைக்க இனி எவராலும் இயலாது. எனினும் ஒரு கடன் எஞ்சியுள்ளது. முதியவர் ஒருவர், “எங்கள் அண்ணன் சயாமுக்குப் போனவர்தான்” என்று கூறுங்கால், சான்று எங்கே என வினவற்க. அவர் பெயர் என்ன என்று வினவுக.