கீ நெய்

கல்கத்தாவின் லேக் கார்டன்ஸுக்குக் குடிவந்த முதல் வாரம், மளிகைக் கடையில் நெய் கேட்டேன். கடைக்காரர் அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு "கீ நெய்" என்றார். பக்கத்து லேக் மார்க்கெட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்களே, அந்தப் பழக்கத்தில் வங்காளியில் ஒரு தரம், எனக்காகத் தமிழில் ஒரு தரம் சொல்கிறார் போல என்று பையை நீட்டினேன். அவர் கையை விரித்தார். வங்காளியில் 'நெய்' என்றால் 'இல்லை'.

அடுத்து 'நா' பழகியது. 'ஜாபோ நா' என்றால் போகமாட்டேன். நம்மைப் போலவே அவர்களும் மறுப்பை வாக்கியத்தின் கடைசியில்தான் வைக்கிறார்கள். இனி கவலையில்லை என்று இருந்தபோது, எதிர்வீட்டு மாஷிமா, நம் பெரியம்மா மாதிரி, கதவைத் திறந்து "போஷோ நா" என்றார். போஷோ, உட்கார். நா, கூடாது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் மறுபடியும், இன்னும் இழுத்து, "போஷோ நா!" என்றார். நாற்காலியையும் தள்ளிவிட்டபிறகுதான் விளங்கியது: 'உட்காரேன்' என்கிறார்!

நம் 'உட்காரேன்' மட்டும் என்ன வாழ்ந்தது? 'செய்தேன்', 'செய்கிறேன்', 'செய்வேன்' மூன்றிலும் நடுவில் காலம் காட்டும் உறுப்பு இருக்கிறது. அதை உருவிவிட்டால் 'செய்யேன்'. பழந்தமிழில் அதற்குச் செய்யமாட்டேன் என்று பொருள். மறுப்புக்கென்று கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்றும் அதில் இல்லை. காலம் இல்லாததே மறுப்பாகிவிடுகிறது. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அதே 'செய்யேன்' இன்று வீட்டில் 'கொஞ்சம் செய்யேன்' என்ற கெஞ்சல்.

இப்படியெல்லாம் குழம்ப வேண்டாத ஒரு செயற்கை மொழியும் உண்டு: ஸாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1887-இல் வார்சாவில் வெளியிட்ட எஸ்பெராண்டோ. மொத்தம் 16 விதிகள். எந்தச் சொல்லை மறுக்க வேண்டுமோ அதற்கு முன்னால் 'நே'. 'மி நே வேனாஸ்' என்றால் நான் வரவில்லை. 'நே மி வேனாஸ்' என்றால் வருவது நானல்ல. நாம் பேச்சில் ஒன்றாக்கிவிட்ட 'இல்லை', 'அல்ல' வேறுபாட்டை ஒரு சொல்லை நகர்த்தியே காட்டிவிடுகிறார். வாக்கியத்தில் 'ஒருபோதும் இல்லை' போன்ற வேறொரு மறுப்புச் சொல் வந்துவிட்டால் 'நே' விலகிக்கொள்ள வேண்டும், அது 12-வது விதி. சுத்தமான வேலை. அந்த மொழிக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு: இதே கல்கத்தாவில் 1953-இல் பிறந்த மொழியியலாளர் புரோபால் தாஸ்குப்தா, 2007 முதல் 2013 வரை உலக எஸ்பெராண்டோ சங்கத்துக்குத் தலைவராக இருந்தார்.

எஸ்பெராண்டோவில் எதிர்ச்சொல்லுக்கு 'மால்' என்று ஒரு முன்னொட்டு. போனா நல்லது, மால்போனா கெட்டது. பாதிச் சொற்களைப் படித்தால் போதும், மீதி தானாக வரும். ஆனால் 'யூனா' இளமை என்பதால் முதியவர் 'மால்யூனா' ஆகிவிடுகிறார், இளமைக்கு எதிர்ப்பதமாக. இந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கவில்லை. தமிழில் பழமும் முதிரும், மனிதரும் முதிர்வார். இளமையைக் கேட்டுக்கொண்டு வரவேண்டிய சொல் அல்ல அது.

மாஷிமாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அன்று ஒரு தட்டு நிறைய தேங்காய் உருண்டை வைத்து "காவ் நா" என்றார். இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. நீங்களும் இந்தப் பக்கம் வந்தால், 'நா' காதில் விழுந்ததும் எழுந்து நிற்காதீர்கள், குரலைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.